பழைய ஆட்டம், புதிய விரல்

பழைய வீடியோ கேம்களை அடுத்த தலைமுறை சீண்டுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நாற்பதை நெருங்குபவர்கள், அல்லது அதைத் தாண்டியவர்கள். பதினைந்து வயதுக்காரர் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் ஆடியதை எங்கள் பிள்ளைகளும் ஆட வேண்டும் என்ற ஆசை அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த ஆசையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இன்னும் கறாரான கேள்வி: எந்த நினைவும் இல்லாத ஒரு பையனிடமோ பெண்ணிடமோ 1985-ஆம் ஆண்டின் ஆட்டம் ஒன்றைக் கொடுத்தால், அவர்களுக்கென்று அதில் ஏதாவது இருக்கிறதா?

எதைப் பழையது என்பது என்பதிலேயே ஆளுக்கொரு கணக்கு. 1972-இல் பாங், 1978-இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980-இல் பேக்மேன் என்று ஆர்கேட் இயந்திரங்களின் காலத்திலிருந்து தொடங்கலாம். 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் வந்தது, என்.இ.எஸ். என்பது அதன் அமெரிக்க வடிவம். பிறகு சேகா, சூப்பர் நின்டெண்டோ, முதல் பிளேஸ்டேஷன். கோட்டை எங்கே நிறுத்துவது? 2012-இல் பிறந்த பிள்ளைக்கு 2002-இல் வந்த வைஸ் சிட்டியும் பழங்காலத்துச் சமாச்சாரம்தான். அப்பா பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியது அது.

முதலில் ஏக்கத்தின் சந்தையைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பழைய ஆட்டங்கள் ‘திரும்பி வந்துவிட்டன’ என்று சொல்பவர்கள் காட்டும் சான்று அதுதான். 2016 நவம்பரில் நின்டெண்டோ, தன் பழைய இயந்திரத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, 30 ஆட்டங்களை உள்ளே வைத்து, அமெரிக்காவில் 60 டாலருக்கு விற்றது. அடுத்த ஏப்ரலுக்குள் 23 லட்சம் பெட்டிகள் போயின. கடைகளில் கிடைக்காமல் கூடுதல் விலைக்குக் கைமாறின. 2021 ஜூலையில் உறை பிரிக்காத சூப்பர் மேரியோ 64 ஒன்று ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அடுத்த மாதமே, உறை பிரிக்காத சூப்பர் மேரியோ பிரதர்ஸ் ஒன்று 20 லட்சம் டாலருக்கு விற்றது. இந்த இரண்டு ஆட்டங்களையும் வாங்கியவர்கள் ஆட முடியாது. உறையைப் பிரித்தால் விலை போய்விடும். உலகத்திலேயே மிக விலையுயர்ந்த மேரியோ, யாரும் தொடாத மேரியோ. இந்தப் பணத்தை வைத்து இளையவர்களைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது. இது அந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்போது சம்பாதிக்கிறார்கள் என்பதற்கான சான்று; அவர்களோடு அது தேய்ந்துபோனாலும் ஆச்சரியமில்லை.

இளையவர்களைப் பற்றிய சான்று டெட்ரிஸில் இருக்கிறது. அலெக்ஸி பஜித்னவ் 1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் இருந்தபோது எழுதியது டெட்ரிஸ். நாம் பேச வேண்டியது 1989-இல் என்.இ.எஸ்.ஸுக்கு வந்த வடிவத்தைப் பற்றி. அதில் 29-ஆம் நிலையை எட்டினால் கட்டைகள் விழும் வேகம் அளவுகடந்துவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் கட்டை ஓரத்துக்கு நகர்வதற்குள் கீழே விழுந்துவிடும். அதுதான் ஆட்டத்தின் எல்லை, அதற்கு மேல் மனிதரால் முடியாது என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். 2010-இல் லாஸ் ஏஞ்சலிஸில் இதற்கென்று உலகப் போட்டி தொடங்கியபோது வந்தவர்கள் எல்லாம் சிறுவயதில் இதை ஆடிய பெரியவர்கள். அவர்களில் ஜோனஸ் நியூபவர் ஏழு முறை வென்றார். அப்போது யாராவது இந்த ஆட்டத்துக்கு வருங்காலம் உண்டா என்று கேட்டிருந்தால், பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு என்ன வருங்காலமோ அதுதான் என்று நானே சொல்லியிருப்பேன்.

2018-இல் அந்த நியூபவரை இறுதியாட்டத்தில் தோற்கடித்தவர் 16 வயது ஜோசப் சேலி. ஆட்டம் வெளிவந்தபோது அவர் பிறக்கவே இல்லை. பொத்தானை அழுத்திப் பிடிக்காமல், நொடிக்குப் பத்து முறைக்கு மேல் விட்டுவிட்டுத் தட்டும் முறையில் அவர் ஆடினார். அந்த முறையை அதற்கு முன்பும் சிலர் கையாண்டதுண்டு. ஆனால் அவருடைய வெற்றிக்குப் பிறகு அது பரவிய வேகம் வேறு. 2020-இல் போட்டி இணையத்தில் நடந்தபோது இறுதிச் சுற்றில் மோதியவர்கள் அண்ணனும் தம்பியும். 13 வயதுத் தம்பி வென்றார். அதே ஆண்டின் இறுதியில் இன்னொரு முறை பிறந்தது. ஒரு கையின் விரலைப் பொத்தான்மேல் லேசாக வைத்துக்கொண்டு, மறு கையின் விரல்களால் கட்டுப்பாட்டுக் கருவியின் முதுகில் வரிசையாகத் தாளம் தட்டுவார்கள். மிருதங்கக்காரர் பார்த்தால் புன்னகைப்பார். அந்தத் தாளத்தில் நொடிக்கு இருபது அழுத்தம்வரை சாத்தியம். 29-ஆம் நிலை என்ற சுவர் உடைந்தது. 2023 டிசம்பர் 21 அன்று, ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் நிலைவரை போனபோது ஆட்டமே உறைந்து நின்றது. அந்த உயரத்தில் மதிப்பெண்ணைக் கணக்கிடும் நிரலுக்கு நேரம் போதாமல் ஆட்டம் தடுக்கி விழும். முப்பத்துநான்கு ஆண்டுகளில் முதன்முறையாக, மனிதர் சோர்ந்துபோவதற்கு முன் டெட்ரிஸ் சோர்ந்துபோனது.

இதில் ஏக்கத்துக்கு வேலையே இல்லை. அந்தச் சிறுவனுக்கு 1989 என்பது பாடப்புத்தகத்தில் வரும் ஆண்டு. 1989-இல் ஆடியவர்களைவிட 2023-இல் ஆடுகிறவர்களுக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி அதிகம் தெரியும் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆட்டம் மாறவில்லை, ஒரு எழுத்துக்கூட மாறாத அதே நிரல்தான். அதன் விதிகளை அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம், ஆனால் ஆழம் இன்னும் தட்டுப்படவில்லை. அந்த ஆழத்தைத் தேடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க யூடியூபும் ட்விட்ச்சும் இடம் கொடுத்தன. 1990-இல் ஒருவன் தன் வீட்டில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அது அடுத்த தெருவுக்குத் தெரியாது. இன்று தெரிகிறது, இன்னொருவன் அதை மிஞ்சப் பார்க்கிறான். சூப்பர் மேரியோ பிரதர்ஸை எவ்வளவு விரைவாக முடிக்கலாம் என்ற ஸ்பீட்ரன் போட்டியிலும் இதே கதைதான். 1985-இல் வந்த அந்த ஆட்டத்தை 4 நிமிடம் 55 நொடிக்குள் முடிக்க மனிதர்களுக்கு 2021 ஏப்ரல்வரை ஆனது.

எனவே என் கட்சி இது: பழைய ஆட்டம் நினைவால் பிழைப்பதில்லை, அதில் இன்னும் கண்டுபிடிக்க ஏதாவது மிச்சம் இருந்தால் பிழைக்கிறது. ஆனால் இந்த அளவுகோலை வைத்தால் பெரும்பாலான பழைய ஆட்டங்கள் தேறாது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏன் தேறாது? ஆட்டம் மோசம் என்பது ஒரு காரணம், அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆர்கேட் ஆட்டங்கள் காசு விழுங்குவதற்கென்றே கடினமாகச் செய்யப்பட்டவை. மூன்று உயிர், பிறகு மறுபடி காசு. அந்தக் கணக்கு வீட்டு இயந்திரத்துக்கும் தொற்றியது. நல்ல ஆட்டங்களே இளையவர்களுக்குக் கதவடைப்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். அந்த ஆட்டங்கள் தனியாக வரவில்லை. பெட்டிக்குள் கையேடு இருந்தது, வரைபடம் இருந்தது. பள்ளியில் ரகசியம் சொல்லும் நண்பன் இருந்தான், அமெரிக்காவில் என்றால் நின்டெண்டோ பவர் என்ற இதழும் தொலைபேசியில் வழி சொல்லும் ஆலோசகர்களும் இருந்தார்கள். 1986-இல் வந்த லெஜண்ட் ஆஃப் ஜெல்டாவில் எந்தப் புதரை எரிக்க வேண்டும், எந்தப் பாறையை வெடிக்க வேண்டும் என்று ஆட்டம் உங்களிடம் பெரும்பாலும் சொல்லாது. கையேடு எவ்வளவு முக்கியம் என்றால், ஆட்டங்களை வாடகைக்கு விட்ட பிளாக்பஸ்டர் நிறுவனம் கையேடுகளை நகலெடுத்துக் கொடுத்தது என்று நின்டெண்டோ 1989-இல் அதன்மீது வழக்கே போட்டது. இன்று ஒரு சிறுமி அந்த ஜெல்டாவை நின்டெண்டோவின் ஸ்விட்ச் இயந்திரத்தில் திறக்கும்போது அவளுக்குக் கிடைப்பது ஆட்டத்தின் பாதிதான். மீதிப் பாதி ஒரு காலத்துக் காகிதத்திலும் பேச்சிலும் இருந்தது. இதற்கு நேர்மாறு சூப்பர் மேரியோவின் முதல் கட்டம். முதல் எதிரி, முதல் கேள்விக்குறிப் பெட்டி, முதல் காளான் எல்லாம் வரும் வரிசையே பாடம் நடத்திவிடும். நாற்பதாண்டு கழித்தும் ஐந்து வயதுக் குழந்தை யாரும் சொல்லித்தராமல் அதை ஆடுகிறது.

இயந்திரமும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்பது டக் ஹண்ட்டை ஆட முயன்றால் தெரியும். துப்பாக்கியின் விசையை அழுத்தும் கணத்தில் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறையும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து விழுந்தது என்று பொருள். பழைய படக்குழாய் டிவி அந்தக் கட்டத்தை உடனே வரையும்; இன்றைய தட்டைத் திரை படத்தைப் பதப்படுத்திக் காட்டச் சற்றுத் தாமதிக்கும். அந்தத் தாமதத்தில் துப்பாக்கி குருடாகிவிடும். பிக்சல் ஓவியங்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. சேகாவின் சோனிக்கில் வரும் அருவி, நெட்டுக் கோடுகளால் ஆனது. பழைய டிவியின் மங்கலில் கோடுகள் கலந்து, தண்ணீருக்குப் பின்னால் இருப்பது தெரியும். புதிய திரையில் பார்த்தால் கம்பிக் கதவு போல இருக்கிறது. நாம் ‘சதுரம் சதுரமாக’ இருந்தது என்று நினைவுகொள்ளும் அந்த உருவங்களை அவற்றை வரைந்தவர்கள் அப்படிப் பார்க்கவே இல்லை.

1990-களின் நடுவில் வந்த முதல் முப்பரிமாண ஆட்டங்களின் நிலை இன்னும் மோசம். அவை புதிய மொழியில் முதல் வாக்கியம் பேசியவை. கேமரா ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போவார்கள். 1996-இன் டூம் ரெய்டரை இன்றைய கையால் நடத்துவது லாரி ஓட்டுவதற்குச் சமம். 2024-இல் அதைப் புதுப்பித்து வெளியிட்டவர்கள் பழைய கட்டுப்பாட்டையும் புதியதையும் சேர்த்தே தந்ததற்குக் காரணம் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆட்டத்தைத் தொடாதவர்களும் அதன் வம்சத்தில் வாழ்கிறார்கள். எரிக் பரோன் தனியாளாக நான்காண்டுகளுக்கு மேல் உழைத்து 2016-இல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி, 1996-இன் ஹார்வெஸ்ட் மூன் என்ற விவசாய ஆட்டத்தின் நேர் வாரிசு. 2024 முடிவதற்குள் 4 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது. டோபி ஃபாக்ஸின் அண்டர்டேல் 2015-இல் வந்தபோது அதைக் கொண்டாடியவர்களில் பெரும்பகுதி பதின்வயதினர். அதன் வேர் எர்த்பவுண்ட் என்ற ஆட்டம், 1995-இல் அமெரிக்காவில் விலைபோகாமல் கிடந்தது. அண்டர்டேலை ஆடிவிட்டு அதைத் தேடிப் போனவர்கள் ஏராளம். பைக்கோ-8 என்ற கற்பனை இயந்திரம் இன்னும் சுவையானது. 128-க்கு 128 பிக்சல், 16 நிறம் என்று தனக்குத்தானே வேலி போட்டுக்கொண்ட மென்பொருள் அது. உலகில் ஒருபோதும் இருந்திராத பழைய கன்சோல். 2015-இல் அதில் நான்கு நாளில் எழுதிய ஒரு சிறு ஆட்டம்தான் 2018-இல் செலஸ்ட் என்ற பெரிய ஆட்டமாக வளர்ந்தது. ஒரு காலத்தில் வன்பொருளின் ஏழ்மையாக இருந்தது இப்போது தேர்ந்தெடுக்கும் யாப்பாகிவிட்டது.

இளையவர்களுக்கு ஆர்வம் இருக்குமா என்ற கேள்வியிலேயே எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆட்டம் கிடைக்குமா என்று கேட்பவர் குறைவு. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதத்தை இன்று முறையாக விலைகொடுத்து வாங்க வழியில்லை. கேம்பாய் ஆட்டங்களில் கிடைப்பவை 6 சதவீதத்துக்கும் குறைவு. உரிமை யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத நிறுவனங்கள், காலாவதியான பாடல் உரிமங்கள், மறுவெளியீட்டில் லாபமில்லை என்ற கணக்கு எல்லாம் சேர்ந்து செய்த வேலை. வைஸ் சிட்டியின் கணினிப் பதிப்பிலேயே உரிமம் முடிந்ததால் சில பாடல்கள் பிற்பாடு காணாமல் போயின. அந்த வானொலி இல்லாமல் அந்த ஊர் என்ன ஊர்? 2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ இயந்திரங்களின் இணையக் கடையை மூடியபோது, அங்கே மட்டும் கிடைத்தவை ஒரே நாளில் விற்பனையிலிருந்து மறைந்தன.

நூலகங்கள் தங்களிடம் உள்ள பழைய ஆட்டங்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து ஆடத் தர அனுமதி கேட்டன. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. யாராவது பொழுதுபோக்குக்காக ஆடிவிடுவார்கள் என்பது ஆட்டத்துறை எழுப்பிய அச்சங்களில் ஒன்று. நாவலை இரவல் தரும் நூலகர், வாசகர் அதை ரசித்துவிடுவாரோ என்று பயப்பட்டதுண்டா? பல்லாங்குழிக்கும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் உரிமையாளர் இல்லை. பாட்டி பேத்திக்குச் சொல்லித்தர யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. வீடியோ கேமுக்கு அந்த வழி சட்டப்படி அடைபட்டிருப்பதால், நடைமுறையில் எமுலேட்டர்கள், அதாவது ஆட்ட இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருள்கள், அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. 2024 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் எமுலேட்டர்களை முதன்முறையாக அனுமதித்தது. டெல்டா என்ற செயலி வந்தவுடன் இலவசச் செயலிகளின் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஸ்விட்ச்சின் எமுலேட்டரான யூசு, நின்டெண்டோவின் வழக்கில் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையைக் கட்டியது.

நகலைப் பற்றி முகம் சுளிக்கும் உரிமை தமிழ்நாட்டில் வளர்ந்த எங்களுக்குக் குறைவு. 1990-களில் இங்கே நடுத்தர வீடுகளுக்கு வந்த ‘டிவி வீடியோ கேம்’ பெரும்பாலும் ஃபேமிகாமின் கள்ள நகல். கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும்; உள்ளே ஒரு கைப்பிடி ஆட்டங்களே பெயர் மாறி மாறி வரும். கான்ட்ரா, மேரியோ, ரோட் ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி. படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து ஊதுவோம். அந்த ஆட்டங்களை எழுதிய ஜப்பானியர்களுக்கு எங்களிடமிருந்து ஒரு காசும் போகவில்லை; ஆனாலும் இங்கே அவற்றுக்கு ஒரு தலைமுறை ரசிகர்கள் உண்டானது அந்தக் கள்ள வழியால்தான். பள்ளிக் கணினி அறையில் ஃபிளாப்பியில் கைமாறிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் டேவும் வந்த வழியும் அதுவே.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் பின்கதை இந்தக் கட்டுரைக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படமெடுத்து, அந்தப் படத்தின்மேல் சட்டம் சட்டமாக வரைந்து 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்கு உருவாக்கியது அது. அதன் மூல நிரல் தொலைந்துபோனதென்றே இருந்தார். 2012-இல் அவருடைய தந்தை வீட்டு அலமாரியில் ஒரு பெட்டி நிறைய ஃபிளாப்பிகளைக் கண்டெடுத்தார். ஆவணக் காப்பாளர் ஜேசன் ஸ்காட் போன்றவர்களின் உதவியோடு நிரலை மீட்டு, யாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்தார் மெக்னர். இவ்வளவு புகழ்பெற்ற ஆட்டத்தின் உயிர், தந்தை ஒருவர் பழைய சாமானை எடைக்குப் போடாமல் விட்டதில் இருந்தது.

ஆனாலும் ஃபிளாப்பி கிடைத்தது. 2014-இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் பந்தய ஆட்டத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை. தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வர் தேவைப்பட்ட ஆட்டம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள், வாங்கியவர்கள் கையில் இருந்த வட்டு வெறும் தட்டாகிவிட்டது. அதை ஒட்டி ராஸ் ஸ்காட் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்தின் மனுவுக்கு 2025 ஜூலைக்குள் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சம் கையெழுத்துக்கு மேல் சேர்ந்தது. சோனியின் கான்கார்ட் 2024 ஆகஸ்டில் வந்து, இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. அதை இனி யாரும் ‘பழைய ஆட்டம்’ என்று எடுத்து ஆடப்போவதில்லை. வயதுக்கும் ஆயுளுக்கும் இங்கே தொடர்பு அறுந்துவிட்டது. 1985-இன் மேரியோவை அழிக்க இனி யாராலும் முடியாது, உலகெங்கும் பிரதிகள் இருக்கின்றன. பத்தாண்டு முந்தைய ஆட்டத்தை ஒரு நிர்வாகக் கூட்டம் அழித்துவிடும்.

இளையவர்களுக்கும் பழையது பிடிக்கும் என்பதற்குப் பெரிய சான்று 2023 நவம்பரில் கிடைத்தது. ஃபோர்ட்நைட் என்ற இணையவழி ஆட்டம் தன் தொடக்க கால வரைபடத்தைக் கொஞ்ச நாளுக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது ஒரே நாளில் 4 கோடியே 47 லட்சம் பேர் ஆடினார்கள் என்று எபிக் நிறுவனம் அறிவித்தது. அவர்களில் பலருக்கு அந்த வரைபடம் ஆரம்பப் பள்ளி நாட்களின் நினைவு. பதினைந்து வயதில் பத்து வயதுக்கு ஏங்கினார்கள். 2024 டிசம்பரிலிருந்து எபிக் அதை நிரந்தரமாகவே வைத்திருக்கிறது. எபிக்குக் கட்டுப்படியாகும்வரை அது இருக்கும். அந்தப் பிள்ளைகள் நாற்பதாகும்போது அலமாரியிலிருந்து எடுத்துத் தங்கள் மகளிடம் நீட்டுவதற்குக் கேசட்டும் இல்லை, வட்டும் இல்லை, ஊதிப் பார்க்க ஒரு துளையும் இல்லை. பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், இப்போதைய சட்டம் கூடாது என்கிறது.